செம்பட்டைச் சகுனம்

அட்ராக்டா ஸ்கான்லன் கொஞ்சமும் தயங்காமல் மோதிரத்தை மாவுக்குள் புதைத்தாள்.

ஜன்னல் திரையிலிருந்து கழற்றிய பித்தளை வளையம்தான். எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்தாள். அதே மாவுக்குள் ஒரு கந்தல் துணி, ஒரு பட்டாணி, ஒரு செப்புக்காசு எல்லாம் ஏற்கெனவே போயாயிற்று. ஹாலோவீன் அன்று பிராக் ரொட்டியைக் கடிக்கும்போது கந்தல் அகப்பட்டவருக்கு வறுமை. காசு அகப்பட்டவருக்குச் செல்வம். பட்டாணி வந்தால் இந்த வருஷமும் கல்யாணம் இல்லை. மோதிரம் வந்தால் அடுத்த ஹாலோவீனுக்குள் கோயில் மணி அடித்தே தீரும். யாருக்கு எது என்பது விதியின் வேலை.

இந்த வருஷம் விதிக்கு லீவு கொடுத்துவிட்டாள் அட்ராக்டா.

மோதிரம் இருந்த இடத்துக்கு நேர் மேலே மூன்று உலர்திராட்சைகளை வரிசையாகப் பதித்தாள். பார்ப்பவர்களுக்கு அது அலங்காரம். அவளுக்கு அது அடையாளம். அந்தத் துண்டு மலக்கி டர்க்கனின் தட்டுக்குப் போக வேண்டும். போகாவிட்டால் நாளைக் காலை முதல் பூசை முடிந்ததும் வரும் பஸ்ஸில் அவன் ஏறிவிடுவான். ஸ்லைகோ, அங்கிருந்து ரயில், கப்பல், கவன்ட்ரி. கார் தொழிற்சாலையில் வேலை. அங்கே போனவர்கள் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார்கள். ஆள் வருவதில்லை.

மலக்கி நல்லவன். உழைப்பாளி. அவளுடைய அப்பா மேனஸின் படகில் ஏழெட்டு வருஷமாக வலை இழுப்பவன். கோளாறு ஒன்றே ஒன்று. சகுனம் பார்ப்பான். கில்லாரன் துறையில் சகுனம் பார்க்காத மீனவன் கிடையாது. ஆனால் மற்றவர்கள் சகுனம் பார்த்துவிட்டு மீன் பிடிப்பார்கள். மலக்கி சகுனம் பார்த்துவிட்டு மறுபடியும் சகுனம் பார்ப்பான்.

அட்ராக்டாவுக்கோ பிறவியிலேயே செம்பட்டை முடி. சாதாரணச் செம்பட்டை இல்லை. அடுப்புத் தணலை அள்ளித் தலையில் கொட்டிய மாதிரி. புறப்படும்போது செம்பட்டை முடிக்காரி எதிரே வந்தால் அன்றைக்கு வலையில் பாசிதான் மிஞ்சும் என்பது துறை முழுக்கத் தெரிந்த சட்டம். அதனால் நடை பழகிய நாளிலிருந்து, அப்பாவின் படகு துறையைத் தாண்டும்வரை அவள் வாசலை மிதித்ததில்லை. சூரியன் உதிப்பதைக்கூட ஜன்னல் இடுக்கு வழியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

போன மாதம் ஒருநாள் மலக்கி பழுப்பு நிற சூட்டைப் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டை நோக்கி நடந்து வந்தான். அந்த சூட் சாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வருவது. ஊரில் அன்றைக்கு யாரும் சாகவில்லை. அட்ராக்டாவுக்குப் புரிந்துபோயிற்று. இருப்புக்கொள்ளாமல் பால் செம்பைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு ஓடினாள். எதிரே செம்பட்டை! மலக்கி அப்படியே நின்றான். தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னான். திரும்பிப் போய்விட்டான்.

அடுத்த வாரம் மறுபடி அந்த சூட். இந்த முறை அவள் தலையில் துணி கட்டிக்கொண்டு போனாள். அட்லாண்டிக் காற்று அதை அவிழ்த்துப் பக்கத்து வயலில் போட்டது. அவன் திரும்பிவிட்டான்.

அதற்கடுத்த முறை கல்சுவருக்குப் பின்னால் ஒளிந்தே கொண்டாள். 'வா ராசா, வா' என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள். அவனும் பாதி தூரம் வந்தான். அப்போது பார்த்து அந்தச் சுவர்மேல் ஒற்றை மேக்பை பறவை வந்து உட்கார்ந்தது. ஒற்றை மேக்பை என்றால் துக்கம். ஜோடி வருமா என்று மலக்கி நெடுநேரம் வானத்தைப் பார்த்தான். வரவில்லை. அவன் போனதும் அட்ராக்டா அந்தப் பறவையைக் கல்லால் அடித்தாள். குறி தவறியது.

பெண் கேட்கக் கிளம்புகிறவன் அந்தப் பெண்ணைப் பார்த்ததாலேயே திரும்பிப் போகிற கூத்து வேறெந்த ஊரில் நடக்கும்?

மாவின் மேல் துணியை மூடிவிட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள்.

"ஒதுங்குங்க! தண்ணி வருது!" என்று கத்திவிட்டு வீசினாள். ஹாலோவீன் அன்று கண்ணுக்குத் தெரியாதவர்கள் வாசலில் நடமாடுவார்கள். சொல்லாமல் ஊற்றினால் கோபித்துக்கொள்வார்கள்.

கண்ணுக்குத் தெரிந்த ஒருவன் துள்ளிக் குதித்தான். கையில் மீன் கூடையோடு மலக்கி.

"நல்லவேளை, கத்தினே," என்றான்.

"கத்தலேன்னா முழுசா நனைஞ்சிருப்பே."

"நான் நனைஞ்சா பரவாயில்ல. அவங்க நனையக் கூடாது."

சமையலறைக்குள் வந்தான். புறப்படும்போதுதான் தோஷம், வந்து சேர்ந்தபிறகு செம்பட்டையோடு பேசலாம், அவள் போட்ட டீயைக் குடிக்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு.

"அப்ப நாளைக்கு நிச்சயமா கவன்ட்ரிதானா?"

"பெட்டி கட்டியாச்சு." அவன் பார்வை மாவின்மேல் இருந்த துணியில் நின்றது. "இன்னிக்கு ராத்திரி ஏதாச்சும் தெரிஞ்சா... பாக்கலாம்."

"என்ன தெரியணும்?"

"சொன்னா பலிக்காது."

அட்ராக்டா பல்லைக் கடித்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவன் இல்லை. மீன் மேசைமேல் இருந்தது. மாவின்மேல் துணி லேசாகக் கலைந்திருந்தது. பக்கத்தில் ஃபிலோமினா அத்தை, திருடப் போன பூனை மாதிரி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன அத்தை?"

"உப்பு சரியா இருக்கான்னு பாத்தேன்டி."

"பச்சை மாவுலயா?"

"எங்க காலத்துல அப்படித்தான்," என்று அத்தை நகர்ந்துவிட்டாள். அப்பாவின் தங்கை. ஐம்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. தபால்காரர் பார்ட்லிக்கு மனைவி தவறியதிலிருந்து, அவர் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் முகத்துக்குப் பவுடர் போடுவாள்.

அட்ராக்டா மேற்கொண்டு யோசிக்கவில்லை. மூன்று திராட்சையும் இடத்தில் இருக்கின்றன. அது போதும். இரும்புச் சட்டியில் மாவை வைத்து, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டாள்.

* * *

பொழுது சாய்ந்தது. ஜன்னலில் டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கு பல்லைக் காட்டியது. அதைச் செதுக்கியது மேனஸ். எந்த வருஷம் செதுக்கினாலும் அது அவருடைய செத்துப்போன மாமியார் சாயலில் வந்துவிடும்.

"இதைப் பார்த்தா எந்தப் பேயும் வாசப்படி ஏறாது," என்றார் பெருமையாக.

"பேயை விடு. சொந்தக்காரங்களே ஏற மாட்டாங்க," என்றாள் அத்தை.

மலக்கி வந்தான். தணலோரம் காலியாகக் கிடந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தான். அது ஹாலோவீன் ராத்திரி வீடு தேடி வரும் செத்தவர்களுக்கு. முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் மசித்த சாப்பாடு முடிந்தது. பிராக் மேசைக்கு வந்தது. பொன்னிறமாக, உப்பலாக.

வீட்டுத் தலைவர்தான் வெட்ட வேண்டும். மேனஸ் கத்தியை எடுத்தார். அட்ராக்டா தட்டைச் சுழற்றினாள். மூன்று திராட்சை மலக்கிக்கு நேராக வந்தபோது நிறுத்தினாள்.

"ஏன்டி ரொட்டியைக் கிறுகிறுன்னு சுத்தறே?"

"சூடு ஆறட்டும்னுப்பா."

ஆளுக்கொரு துண்டு தட்டில் விழுந்தது. மூன்று திராட்சைத் துண்டு மலக்கியின் தட்டில்! அட்ராக்டா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

கதவு தட்டப்பட்டது.

ஃபாதர் டியர்னி. ஊருக்குப் புதிதாக வந்த இளம் பாதிரியார். நனைந்த கோட்டும் சிரித்த முகமும். "வாசம் கல்லறைத் தோட்டம் வரைக்கும் வருது. பசியில்லன்னு பொய் சொன்னா நாளைக்கு நானே பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"உக்காருங்க ஃபாதர்!" மேனஸ் பரபரத்தார். "மலக்கி, உன் துண்டு பெரிசா இருக்கு. ஃபாதர் பக்கம் தள்ளு."

மலக்கி தட்டைத் தள்ளினான்.

அட்ராக்டாவின் கை பாய்ந்தது. "வேணாம்! என்னுது எடுத்துக்கோங்க ஃபாதர். என்னுது... நல்லா வெந்திருக்கு." தன் தட்டை அவர் முன்னால் வைத்தாள். மலக்கியின் தட்டை அவனிடமே திருப்பித் தள்ளினாள். தனக்கு வேறொரு துண்டு வெட்டிக்கொண்டாள்.

"எல்லாம் ஒரே சட்டியில வெந்ததுதானே?" என்றார் மேனஸ். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மலக்கி கடித்தான். நிறுத்தினான். வாயிலிருந்து தாள் சுற்றிய வளையத்தை எடுத்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"பெரியவரே," என்று எழுந்து நின்றான். "நான் உங்ககிட்ட ஒண்ணு..."

"ஐயோ மாதாவே!" என்று அலறினாள் அத்தை. அவள் விரலிலும் ஒரு வளையம். "எனக்கும் வந்திருச்சு! யாருமே எதிர்பாக்கல!"

மேனஸ் அதை வாங்கிப் பார்த்தார். "இது உன் குடைக் கைப்பிடியில இருந்த வளையம் இல்ல?"

"இருந்தா என்ன? அம்பது வயசுல விதி தானா நடந்து வரும்னு உக்காந்திருக்கவா? கொஞ்சம் கை கொடுத்தேன். பார்ட்லிக்கு யாரும் சொல்லிடாதீங்க." ஒரு நொடி யோசித்தாள். "சொன்னாலும் தப்பில்ல."

மேனஸ் சிரித்த சிரிப்பில் அவர் வாயிலிருந்த கந்தல் துணி வெளியே விழுந்தது. "கந்தல்! நான் ஏழைன்னு சொல்ல ஒரு ரொட்டி வேணுமா?"

அப்போதுதான் 'கடக்' என்று சத்தம் கேட்டது.

ஃபாதர் டியர்னி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். மெதுவாக வாய்க்குள் விரலை விட்டார். மாவு அப்பிய மூன்றாவது மோதிரம் வெளியே வந்தது.

அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நான் திருச்சபைக்கு வாக்கப்பட்டவன்," என்றார் ஃபாதர் பரிதாபமாக. "பிஷப்புக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

வீடு குலுங்கியது. மேனஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஃபிலோமினா! நீ எத்தனை குடையைப் பிரிச்சே?"

"சத்தியமா ஒண்ணுதான்!"

சிரிக்காதவன் ஒருவன்தான். மலக்கியின் முகத்தில் இருந்த வெளிச்சம் ஊதி அணைத்ததுபோல் போயிருந்தது.

"இதைக் கழுவி வைம்மா," என்று ஃபாதர் மோதிரத்தை அட்ராக்டாவின் உள்ளங்கையில் வைத்தார். வாளித் தண்ணீரில் அலசினாள். மாவு கரைந்தது. பித்தளை இல்லை. வெள்ளி. இரண்டு கைகள் சேர்ந்து ஒரு இதயத்தைப் பிடித்திருந்தன. இதயத்தின் மேல் சின்னக் கிரீடம். அதில் ஒரு முனை உடைந்திருந்தது.

உடைந்த கிரீடம்! கோயில் வாசலில் அவள் தாடையைப் பிடித்து, "என்ன தலைடி இது, தீப்பிடிச்ச வைக்கோல் போர் மாதிரி!" என்று கொஞ்சிய கையில் இருந்த மோதிரம். மலக்கியின் செத்துப்போன அம்மாவினுடையது.

கலைந்திருந்த துணி, சொன்னா பலிக்காது என்ற பேச்சு, எல்லாம் இப்போது விளங்கிற்று. அவளைப் போல அவன் அடையாளம் வைக்கவில்லை. கண்ணை மூடி மாவுக்குள் போட்டுவிட்டு, யாருக்குப் போகிறதென்று விதியிடம் விட்டிருக்கிறான். விதி அதை ஒழுங்காக அவள் தட்டில்தான் போட்டது. அவள்தான் தட்டைத் தூக்கிப் பாதிரியாரிடம் நீட்டினாள்!

அவள் திரும்பியபோது மலக்கி தொப்பியோடு வாசலில் நின்றான்.

"மலக்கி, இரு. அந்த மோதிரம்..."

"பாத்தேன். நான் ஒரு கேள்வி கேட்டேன் அட்ராக்டா. தெளிவா பதில் வந்திருச்சு. எனக்குக் கல்யாணம் நடக்கும். மோதிரம் வந்திருச்சே. ஆனா இந்த ஊர்ல இல்ல. இந்த ஊருக்குன்னு போட்ட மோதிரம் சாமியார் வாய்க்குப் போயிருச்சு." தொப்பியைத் தலையில் வைத்தான். "பொண்ணு கவன்ட்ரியிலதான் இருக்கா போல."

"கவன்ட்ரியிலயா?"

அதற்குமேல் அவள் பேச முடியவில்லை. டமடமவென்று தகர டின்னைத் தட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போகும் ஹாலோவீன் வேஷக்காரர்கள் கூட்டம் வாசலை அடைத்தது. வைக்கோல் முகமூடிகள், திருப்பிப் போட்ட கோட்டுகள், மீசை வைத்த ஒரு மணப்பெண். ஆட்டமும் ஆப்பிள் கேட்கும் கூச்சலும் ஓய்வதற்குள் மலக்கி போய்விட்டான்.

அட்ராக்டா மோதிரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெண்ணைத் தேடி அவனைக் கவன்ட்ரிக்கு அனுப்புவதே அவள் செய்த தில்லுமுல்லுதான்! ஓடிப்போய் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் நம்புவானா? அவனிடம் வார்த்தை எடுபடாது. சகுனம்தான் எடுபடும்.

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும்.

* * *

மறுநாள் சகல புனிதர் திருநாள். எந்தப் படகும் கடலுக்குப் போகாது. யாருடைய வலைக்கும் அவளால் நஷ்டம் இல்லை.

பூசை முடிந்த கையோடு அட்ராக்டா பாதை வளைவுக்கு வந்து நின்றாள். துறையிலிருந்து பஸ் நிற்கும் நாற்சந்திக்குப் போகும் பாதை இந்த வளைவு வழியாகத்தான் போகிறது. தலைத்துணியை அவிழ்த்தாள். பின்னலையும் அவிழ்த்தாள். காற்று, வழக்கம்போல, தன் வேலையைப் பார்த்தது. செம்பட்டை முடி கொடி மாதிரி பறந்தது. காலை வெயிலில் அவள் அப்படி நின்றது வாழ்க்கையிலேயே முதல் தடவை.

மலக்கி வந்தான். பழுப்பு சூட். கையில் பெட்டி. அவளைப் பார்த்ததும் அவன் கால் நின்றது.

"அட்ராக்டா! ஒதுங்கு!"

"பாதை உங்க அப்பன் வீட்டுதா?"

அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான். வீட்டில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் புதிதாகக் கிளம்பினால் தோஷம் கழியும். கிளம்பினான். வந்தான்.

அவள் அங்கேயே நின்றாள்.

"பஸ் வந்துரும்!" என்று கத்தினான்.

"வரட்டும். நல்ல பஸ்."

மறுபடி போனான். மறுபடி உட்கார்ந்தான். மறுபடி வந்தான். இதற்குள் பூசையிலிருந்து திரும்பியவர்கள் கல்சுவர்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஃபாதர் டியர்னி கன்னத்தில் கட்டோடு நின்றார். பார்ட்லி சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். அவர் பக்கத்தில், தற்செயலாக, ஃபிலோமினா அத்தை.

நாற்சந்தியில் ஹாரன் சத்தம் கேட்டது. மலக்கி பெட்டியைக் கீழே வைத்தான்.

"உனக்கு என்னதான் வேணும்?"

"மூணு திராட்சை," என்றாள் அட்ராக்டா.

"என்ன?"

"உன் துண்டுமேல மூணு திராட்சை இருந்துச்சு. நான் வெச்ச அடையாளம். மோதிரம் உனக்கு வரணும்னு தட்டைச் சுத்தினதும் நான்தான்."

மலக்கியின் வாய் திறந்தபடி நின்றது. "விதியையா ஏமாத்தினே? அதுவும் ஹாலோவீன் அன்னிக்கு?"

"ஆமா. அதனால கவன்ட்ரியில எவளும் உனக்காகக் காத்துக்கிட்டு இல்ல. இன்னொண்ணும் கேளு. ஃபாதர் தின்ன துண்டு யாருது? என் தட்டுல விழுந்தது. உன் கண்ணு முன்னாலதானே எடுத்துக் கொடுத்தேன்? விதி உனக்கு நேராத்தான் பதில் சொல்லுச்சு. குறுக்கே கையை விட்டது நான்." முஷ்டியைத் திறந்தாள். வெள்ளி மோதிரம் வெயிலில் மின்னியது.

மலக்கி அதையே பார்த்தான். ஆசை இருந்தது. பயமும் இருந்தது. "இருந்தாலும் சாமியார் கைக்குப் போயிட்டு வந்த மோதிரமாச்சே..."

"அப்புறம் என் கையில யார் கொடுத்தது?"

"ஃபாதர்."

"பாதிரியார் கையால ஒரு பொண்ணு மோதிரம் வாங்கினா அதுக்கு உங்க வீட்டுல என்ன பேரு?"

சுவர்மேல் இருந்தவர்கள் ஓவென்று ஆர்ப்பரித்தார்கள். "அடடா, இதுகூடத் தோணலையே எனக்கு!" என்றார் ஃபாதர் கன்னத்தைப் பிடித்தபடி. "என் பல்லு வீண் போகல!"

பஸ் புறப்படும் சத்தம் கேட்டது. மலக்கி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேனஸ்தான் சுவரிலிருந்து கேட்டார். "ஏன்டா மலக்கி, ஊருக்குப் போகணும்னா கடற்கரை மணல் வழியா சுத்திக்கிட்டுப் போயிருக்கலாமே? அந்தப் பக்கம் செம்பட்டையும் இல்ல, ஒண்ணும் இல்லையே?"

மலக்கி காது வரை சிவந்தான். "தெரியும் பெரியவரே. ஒவ்வொரு தடவையும் அந்த வழியாப் போகணும்னுதான் வீட்டை விட்டுக் கிளம்பறேன். காலு இந்தப் பக்கமே வருது."

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தான். செம்பட்டைக்கு நேர் எதிரே, நிற்காமல், திரும்பாமல். அவள் கையிலிருந்த மோதிரத்தை எடுத்தான். போடுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு கவலை அவனைப் பிடித்துக்கொண்டது.

"அட்ராக்டா, ஒண்ணு மட்டும் சொல்லு. கட்டிக்கிட்டா நீ என் வீட்டுல இருப்பே. தினம் விடியறப்ப நான் படகுக்குக் கிளம்பணும். நீ எதிர்ல வந்தா என்ன பண்றது?"

அட்ராக்டா விரலை நீட்டினாள்.

"பக்கத்துலயே நடந்து வரேன். பக்கத்துல வர்றவ எப்படிடா எதிர்ல வருவா?"